மலைமேலா, அடிவாரத்திலா?

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் புறப்படுகிறவர், சேந்தமங்கலத்தையும் காளப்பநாயக்கன்பட்டியையும் கடந்து காரவள்ளியில் மலையடிவாரத்தைத் தொட்டவுடன், அதுவரை கிலோமீட்டராக எண்ணிக்கொண்டு வந்த தூரத்தை அதன் பிறகு வளைவுகளாக எண்ணத் தொடங்குகிறார். கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. அறப்பளீசுவரரைத் தரிசிக்கவும் ஆகாய கங்கையில் நீராடவும் போகிற பிரயாணிக்கு அந்த எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவதே ஒரு வேடிக்கை. வளப்பூர் நாட்டிலோ குண்டூர் நாட்டிலோ இடுப்புவலி கண்டு, அதே வளைவுகளில் ஆம்புலன்ஸில் ஒருக்களித்துப் படுத்தபடி இறங்கிவருகிற மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு அவை வேறொரு கணக்கு. அந்தக் கணக்கைப் பற்றியதே இக்கட்டுரை.

பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பது மேல்நாடுகளில் இன்று வசதியுள்ள பெண்கள் சாவகாசமாக ஆலோசித்து முடிவு செய்கிற விஷயம். ஒருபுறம், அறுவை அரங்கமும் மயக்க மருந்து நிபுணரும் ரத்த வங்கியும் கொண்ட பெரிய மருத்துவமனையின் பிரசவ வார்டு இருக்கிறது. மறுபுறம், டாக்டர்களின் ஆதிக்கமின்றித் தேர்ச்சி பெற்ற மருத்துவச்சிகளே முழுப் பொறுப்பையும் ஏற்று நடத்துகிற, வீட்டின் சாயலுள்ள பேறுகால மையம் இருக்கிறது. நம் தேசத்திலும் கொச்சி, ஹைதராபாத் போன்ற நகரங்களில் அத்தகைய மையங்கள் தோன்றியிருக்கின்றன. கொல்லிமலையில் அப்படி ஏதேனும் உண்டா என்று கேட்டால் எவரும் இல்லை என்றே சொல்வர். ஆனால் பெயரை ஒதுக்கிவிட்டுக் காரியத்தைப் பார்க்கிறவருக்கு, மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறை அதுவேதான் என்பது விளங்கும்: அங்கே பிள்ளையை ஏந்துகிறவர் செவிலியர், அறுவை அரங்கம் கிடையாது, சிக்கல் கண்டால் கீழே அனுப்புவதே வழி. டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் நள்ளிரவில் பிறக்கிற பிள்ளை டாக்டரின் வேலை நேரத்தை விசாரித்துக்கொண்டா பிறக்கிறது? சீமையில் செல்வச் சீமாட்டிகள் விரும்பித் தேடிப்போகிற ஏற்பாடு, கொல்லிமலையில் வேறு வழியில்லாதவளுக்கு வாய்த்திருக்கிறது. அதைத் தாழ்ந்த சரக்கு என்று கருதி எல்லாரையும் கீழே அனுப்பிவிடுவதா, அல்லது அதன் தகுதியை உணர்ந்து யாருக்கு எது உகந்தது என்று பிரித்துப் பார்ப்பதா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

சரித்திரம் இந்தக் கேள்விக்கு ஒருதலைப்பட்சமான விடை தரவில்லை. 1840-களில் வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் ஒரே கூரையின் கீழ் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன; ஒன்று வைத்திய மாணவர்கள் பயிலும் இடம், மற்றொன்று மருத்துவச்சிகள் பயிலும் இடம். முதல் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துத் தாய்மார் பிரசவ ஜுரத்தில் மாண்டுபோக, இரண்டாம் பிரிவில் அத்தொகை நான்கைக்கூட எட்டவில்லை; அந்நகரத்துப் பெண்கள் மருத்துவச்சிகளின் பிரிவிலேயே தங்களைச் சேர்க்கும்படி மன்றாடினார்கள். பிணங்களை அறுத்துச் சோதித்த கைகளோடு மாணவர்கள் நேரே பிரசவ வார்டுக்கு வருவதே இதற்குக் காரணம் என்று ஊகித்து, 1847-இல் ஸெம்மல்வெய்ஸ் என்ற டாக்டர் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் அவர்களைக் கைகழுவச் செய்த பிறகே இரு பிரிவுகளும் சமமாயின. ஆகவே, பெரிய ஆஸ்பத்திரியாயிற்றே என்பதனால் மட்டும் எந்த இடமும் க்ஷேமமான இடமாகிவிடுவதில்லை.

இதற்கு எதிரிடையான சான்றுகள் நம் ஊரிலேயே குவிந்து கிடக்கின்றன. சென்னையில் 1844-இல் பிரசவ மருத்துவமனை ஏற்பட்டுவிட்டது. பின்னர் அது எழும்பூருக்கு மாறி இன்றளவும் நடந்துவருகிறது. எனினும் உயர்சாதிப் பெண்டிரும் கோஷா ஸ்திரீகளும் அதன் வாசலை மிதிக்க மறுத்ததனால், அவர்களுக்கென்றே தனியாக ஒரு மருத்துவமனையை மேரி ஷார்லீப் முதலியோர் 1885-இல் நிறுவ வேண்டியதாயிற்று. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, ஆண் டாக்டர் வேண்டாம், பெண்தான் வர வேண்டும் என்று அழைத்ததும், விடிவதற்குள் அந்த மூன்று தாய்மாரும் இறந்ததும், அதைக் கண்ட இடா ஸ்கடர் என்ற இளம்பெண் வைத்தியம் படித்துத் திரும்பி வேலூரில் மருத்துவமனை எழுப்பியதும் பலர் அறிந்த வரலாறு. தேசத்தின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946-இல் அறிக்கை தந்த போர் (Bhore) கமிட்டி, பிரிட்டிஷ் இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 2,00,000 பெண்கள் கர்ப்பத்தினாலும் பிரசவத்தினாலும் மடிகிறார்கள் என்று மதிப்பிட்டது. பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பாட்டிமார் சொன்னது அலங்காரப் பேச்சல்ல. அவர்கள் பக்கத்து வீட்டில் கண்டதைச் சொன்னார்கள்.

அந்த நிலையிலிருந்து தமிழ்நாடு வந்திருக்கும் தூரம் கொஞ்சமல்ல. உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார் தொகை 2001-03 ஆண்டுகளில் அகில இந்தியாவுக்கு 301 ஆக இருந்தபோது இங்கே 134. 2018-20 கணக்கில் அங்கே 97, இங்கே 54. கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போய்ச் சூலிகளைப் பதிவு செய்ததும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை அமர்த்தி இரவும் பகலும் பிரசவம் பார்க்கச் செய்ததும், 1994 முதல் தாய் மரணங்களை ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கியதும், முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவித் தொகையும், 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸும் சேர்ந்து செய்த வேலை இது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இம்மாநிலத்தில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. எனவே வீட்டிலா ஆஸ்பத்திரியிலா என்ற பழைய வழக்கு இங்கே முடிந்துபோயிற்று. 2018-இல் திருப்பூரில் யூடியூப் படம் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்த முற்பட்டு, ஓர் இளம் தாய் உதிரப்போக்கில் உயிரிழந்த பரிதாபத்துக்குப் பிறகும் அந்த வழக்கைப் புதுப்பிக்க விரும்புகிறவர்களோடு வாதாட எனக்குப் பொறுமையில்லை. மிஞ்சியிருப்பது எந்த நிலையம் என்ற வழக்கு.

இதில் வெளிநாட்டு ஆராய்ச்சிகள் இரண்டை நிதானமாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 84 பேறுகால மையங்களில் சேர்ந்த 11,814 பெண்களின் அனுபவத்தைத் தொகுத்து 1989-இல் வெளியான ஆய்வில், சிசேரியன் தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு 4.4 பேர்தான், தாய் ஒருத்திகூட இறக்கவில்லை, ஏறத்தாழ 16 சதவீதத்தினர் மட்டும் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். ஆபத்துக் குறி ஏதுமில்லாதவர்களைப் பொறுக்கிச் சேர்த்த இடங்கள் அவை என்பதை மறக்கலாகாது. இதைவிட நுட்பமானது, இங்கிலாந்தில் 64,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கண்காணித்து 2011-இல் முடிவு சொன்ன ஆய்வு. மருத்துவச்சிகள் நடத்தும் மையங்களில் பிறந்த குழந்தைகளுக்கும் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்கும் க்ஷேமத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றும், மையத்துக்குப் போன தாய்மார்களுக்கு ஆயுதப் பிரயோகமும் அறுவையும் குறைவு என்றும் அது கண்டது. ஆனால் அந்த ஆய்வின் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருக்கிறது. மருத்துவமனையை ஒட்டாமல் தனித்து நிற்கும் மையத்தில் தலைப்பிரசவத்துக்குச் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 36 பேரை, வலி கண்ட பிறகோ பிள்ளை பிறந்த உடனேயோ, மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தது; முன்பே பிள்ளை பெற்றவர்களில் அப்படி மாற்றப்பட்டவர்கள் 9 பேரே. பெரும்பாலும் காரணம் விபரீதமான ஆபத்தல்ல. வலி நீண்டு, பிரசவம் முன்னேறாமல் நின்றுவிட்டதுதான்.

36-க்கும் 9-க்கும் இடையே உள்ள இந்த வித்தியாசத்தைக் கொல்லிமலைச் சாலையில் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் மையத்திலிருந்து மருத்துவமனைக்கு மாற்றுவது என்றால் சமவெளியில் வழுக்கிக்கொண்டு போகிற ஒரு வண்டிப் பயணம். இங்கே, குக்கிராமத்திலிருந்து தார்ச்சாலைக்கு வருவது ஒரு கட்டம். மலைமேல் உள்ள செம்மேட்டுக்கோ சோளக்காட்டுக்கோ வந்து சேர்வது இரண்டாம் கட்டம். 70 வளைவுகளை இறங்குவது மூன்றாம் கட்டம். காரவள்ளியிலிருந்து சேந்தமங்கலம் வழியே நாமக்கல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எட்டுவது நான்காம் கட்டம். மழைக்காலத்தில் பாறை சரிந்தால் கட்டங்களை எண்ணுவதிலும் அர்த்தமில்லை. அங்குள்ள விகிதத்தை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்றாலும், தலைப்பிள்ளைக்காரி வலியோடு பயணம் செய்ய நேரும் வாய்ப்பு மற்றவளைப்போலப் பல மடங்கு என்ற உண்மை எந்த மலைக்கும் பொருந்தும். தாய் மரணத்துக்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று பொது சுகாதார நிபுணர்கள் சொல்வார்கள்: போக வேண்டும் என்று தீர்மானிப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிட்டுவதில் தாமதம். முதலாவதையும் மூன்றாவதையும் மனிதப் பிரயத்தனத்தால் சுருக்கலாம். நடுவிலுள்ளதை மலை தன் கையில் வைத்திருக்கிறது.

இந்தப் பயணக் கணக்கைக் காகிதத்திலேயே வரைந்துகாட்டிய ஒரு சாதனம் உண்டு. பிரசவ அறைகளில் செவிலியர் நிரப்புகிற 'பார்ட்டோகிராஃப்' என்ற வரைபடத் தாளைச் சொல்கிறேன். அதன் அடியில் மணிக்கணக்கு. பக்கவாட்டில் கருப்பையின் வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்ற அளவு. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு பெருக்கல் குறியிட்டு, குறிகளைக் கோடாக இணைப்பார்கள். தாளில் முன்னதாகவே சாய்வாக இரண்டு கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். முதற்கோடு எச்சரிக்கைக் கோடு, அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறம் தள்ளியிருப்பது செயற்கோடு. இந்த நான்கு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிரசவ வார்டுகளில் வேலை செய்கிறவர்களில் பலரே நினைத்துப் பார்ப்பதில்லை. 1972-இல் இதை வெளியிட்ட ஃபில்பாட், காஸில் என்ற இருவரும் இன்று ஜிம்பாப்வே எனப்படும் ரொடீஷியாவில், மருத்துவச்சிகள் மட்டுமே இருந்த தொலைதூர நிலையங்களை மனத்தில் வைத்து இதை வகுத்தார்கள். தாயின் கோடு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் அவளை மைய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அவள் அங்கே போய்ச் சேர்வதற்கென்று விட்ட அவகாசமே அந்த நான்கு மணி. ஆக, இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள வெற்றிடம் உண்மையில் ஒரு சாலை. மருத்துவமனை மாடியில் அந்தத் தாள் வெறும் படிவம். மலைமேல் அதுதான் வழிகாட்டி. உலக சுகாதார நிறுவனம் கருப்பையின் வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற பழைய விதி எல்லாப் பெண்களுக்கும் ஒத்துவராது என்று 2018-இல் கூறி, 2020-இல் வேறொரு வழிகாட்டித் தாளை வெளியிட்டுவிட்டது. விதி தளர்ந்தது ஆஸ்பத்திரியில் அவசர அறுவைகளைக் குறைக்க உதவும், நியாயமே. எழுபது வளைவுகளுக்கு மேலே இருக்கிற செவிலியரோ அந்தப் பழைய வெற்றிடத்தை மனத்திலிருந்து அழித்துவிடலாகாது.

வலி நீள்வதாவது முன்னறிவிப்போடு வருகிறது. பிள்ளை பிறந்த பிறகு வருகிற உதிரப்போக்கு அப்படியன்று. குறிகளெல்லாம் சரியாக இருந்த பெண்ணுக்கும் அது நேரும். கடுமையாகப் போனால், சிகிச்சையில்லாத பட்சத்தில், சராசரி இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடும் என்பது நெடுநாளைய கணக்கு. அப்படியானால் மலைமேல் எவளையுமே பிரசவிக்க விடலாமா என்று ஒருவர் கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் இரண்டாவது மூன்றாவது பிள்ளைக்காரியின் பிரசவம் எத்தனை விரைவில் முடியக்கூடியது என்பதை அறிந்தவர் இதற்கு விடையையும் அறிவர். வலி கண்டபின் அவளை வண்டியேற்றினால், அவள் சென்றடையும் இடம் நாமக்கல் வார்டாக இராமல் முப்பதாவது வளைவாக இருந்துவிடலாம். அங்கே டிரைவரும் ஒரே ஓர் ஆம்புலன்ஸ் ஊழியரும் ஏந்துகிற பிள்ளையைவிட, மலைமேல் வெளிச்சமும் வெந்நீரும் உள்ள அறையில் பழகிய செவிலியர் ஏந்துகிற பிள்ளைக்கே யோகம் அதிகம். பிள்ளை வெளிவந்த நிமிஷத்திலேயே தாயின் தொடையில் ஆக்ஸிடோசின் ஊசி போடுவதும், இடுப்பின் கீழ் அளவுக் கோடிட்ட பிளாஸ்டிக் விரிப்பை இட்டு உதிரத்தைக் கண்மதிப்பாக அல்லாமல் அளந்தே பார்ப்பதும் டாக்டர் இல்லாமலே செய்யக்கூடியவை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இந்த விரிப்பையும் உடனடிச் சிகிச்சை முறையையும் சேர்த்துக் கையாண்டபோது கடுமையான உதிரப்போக்கும் அதன் விபரீத விளைவுகளும் 60 சதவீதம் குறைந்ததை 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. முதலில் கண்டுகொள்வதுதான் பாதிச் சிகிச்சை.

இனி, கீழே உள்ள வார்டின் குறைகளைச் சொல்லாமல் விட்டால் இந்த விசாரணை நேர்மையாகாது. மலையில் அறுவை எட்டாமல் பெண்கள் தவிக்க, சமவெளியில் அறுவை துரத்தி வருகிறது. அதே 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன்; அரசு நிலையங்களில் 36 சதவீதம், தனியாரில் 63.8 சதவீதம், அகில இந்தியச் சராசரி 21.5 மட்டுமே. நூற்றுக்குப் பத்துப் பதினைந்துக்கு மேல் அவசியமில்லை என்று 1985-இல் உலக சுகாதார நிறுவனத்தார் சொன்னது மிகையாகக் குறைத்த மதிப்பீடு என்று கொண்டாலும், தமிழ்ப் பெண்களில் பாதிப் பேருக்கு இயற்கை திடீரென்று வழியடைத்துவிட்டது என்று நம்ப யாரால் முடியும்? முதற்பிள்ளைக்கு வயிற்றில் போட்ட தழும்பு அடுத்த பிள்ளைக்கு மலைமேல் உள்ள அறையின் கதவை அடைத்துவிடுகிறது என்பதையும் எண்ண வேண்டும். தழும்புள்ள கருப்பை விரிந்து கிழிந்தால், அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

மற்றொரு குறை கணக்கில் ஏறாதது. இடுப்புயர இரும்பு மேஜையில், கால்களை வளையங்களில் மாட்டி, மல்லாக்கப் படுக்கவைத்து, கத்தினால் அதட்டி, கூட வந்தவளை வெளியே நிறுத்திப் பிரசவம் பார்க்கிற வழக்கத்தை எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. பார்க்கிறவரின் சௌகரியம் விதித்தது. குந்தியும் மண்டியிட்டும் கயிற்றைப் பற்றியும் பிள்ளை பெற்ற கிராமத்துப் பெண்கள் உடம்பின் போக்கை அறிந்தே அப்படிச் செய்தார்கள் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொண்டுவிட்டது. காவிரியில் வெள்ளம் வந்து தாய் வர முடியாமற்போக, தனித்துத் துடித்த செட்டிப் பெண்ணுக்குச் சிவபெருமானே தாயுருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது சிராப்பள்ளித் தாயுமானவர் கதை. ஈசன் அங்கே அரண்மனை வைத்தியராக வந்திருக்கலாம், வரவில்லை. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி வேண்டும் என்ற தேவையைத் தெய்வமே அறிந்திருந்தது. அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2004-இல் கொண்டுவந்தது. ஆணை எழுதிய கையும் அறைக் கதவைக் காக்கிற கையும் வேறு வேறாக இருப்பதால், இடத்துக்கு இடம் அது ஏறியும் இறங்கியும் நடக்கிறது.

2018-இல் இந்திய அரசு மருத்துவச்சிச் சேவைக்கென்று வகுத்த வழிகாட்டு நெறிகள், தனிப் பயிற்சி பெற்ற செவிலியர் பொறுப்பேற்கும் பிரசவப் பிரிவுகளைப் பெரிய மருத்துவமனைகளுக்குள்ளேயே அமைக்கச் சொல்கின்றன. அது நல்ல யோசனை. மையத்தின் குணத்தை வார்டுக்குள் கொண்டுவருவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. அண்டை நாடான இலங்கை இதை நமக்கு முன்பே வேறுவிதமாகச் சாதித்தது. கொழும்பில் 1879-இல் டி சொய்சா பிரசவ இல்லமும், களுத்துறையில் 1926-இல் முதல் சுகாதாரப் பிரிவும் தோன்றிய நாள் முதல், ஊர்தோறும் பயிற்சி பெற்ற மருத்துவமாதை நிறுத்தி, அவளை மருத்துவமனையோடு இறுகப் பிணைத்தார்கள். டாக்டருக்குப் போட்டியாக அவளை அங்கே யாரும் கருதவில்லை.

இனி மலைமேல் தலைப்பிள்ளைக்காரியின் சங்கதி. அவள் வலியோடு இறங்கக் கூடாது. வலி வருமுன் இறங்க வேண்டும் என்பதே என் தீர்மானம். தமிழ்நாட்டு அரசு மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறைகளை ஏற்படுத்தியதும் இந்த எண்ணத்தில்தான்: குறித்த நாளுக்குச் சில நாள் முன்னதாகவே துணைக்கு ஒருவரோடு வந்து தங்கலாம், ஆகாரம் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற வழக்கம் நம்மவர்க்குப் புதிதல்ல. அந்தத் தாய்வீடு இங்கே மலையடிவாரத்துக்கு இறங்கி வருகிறது, அவ்வளவே. வயது பதினெட்டு நிரம்பாமல் கழுத்தில் தாலி ஏறியவளும், ரத்தம் குறைந்தவளும், முன்பு சிசேரியன் ஆனவளும், இரட்டைப் பிள்ளையோ தலை மேலாகக் கிடக்கிற பிள்ளையோ சுமப்பவளும் இவளோடு சேர்ந்து இறங்க வேண்டியவர்களே.

ஆனால் அறை கட்டினால் மட்டும் ஆள் வந்துவிடுவதில்லை. மிளகு பறிக்கிற பருவத்திலும் காப்பி எடுக்கிற பருவத்திலும் ஒரு கூலியாள் குறைந்தால் அந்த வீட்டில் அடுப்பு மங்கும். துணைக்கு வருகிற மாமியாருக்கும் அன்றன்று கூலி உண்டு. ஆடுகளைப் பட்டியில் அடைப்பது யார் என்ற கேள்வியைச் சுகாதாரத் துறையின் எந்தப் படிவமும் கேட்பதில்லை. கர்ப்பிணிக்குத் தருகிற உதவித் தொகையைப் போலவே, காத்திருக்கிற நாட்களுக்குத் துணையாளுக்கும் நாட்கூலி கொடுத்தால் அந்த அறையின் கட்டில்கள் காலியாகக் கிடக்காது. அதற்கு ஆகும் செலவு, நடுச்சாமத்தில் ஒரு முறை ஆம்புலன்ஸ் ஏறி இறங்குகிற செலவைவிடப் பெரிதாக இராது என்று நினைக்கிறேன். செம்மேட்டு அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணரும் ரத்தமும் அறுவை செய்கிற கையும் பகலென்றும் இரவென்றும் பாராமல் நிலையாகக் கிடைக்கிற நாள் வந்தால், இந்தக் கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டியிருக்கும். அப்போது தலைப்பிள்ளைக்காரியும் மலையிலேயே இருந்துகொள்ளலாம். அதுவரை அவளுக்கு அடிவாரம். அவளுடைய தமக்கைக்கு, இரண்டாம் பிள்ளையும் முதற்பிள்ளைபோல் சுகப்பிரசவமாகும் குறிகள் இருந்தால், மலைமேல் உள்ள அறையே போதும்.